சோதனை நெல் வரப்பைத் தாண்டுமா?

கேள்வி இதுதான்: "திருவாடானை வட்டத்தில், கடலிலிருந்து நாலைந்து கிலோமீட்டர் உள்ளே எங்கள் ஊர். உப்பைத் தாங்கும்படி மரபணுவில் கை வைத்த புது நெல்லைச் சோதனைக்குப் போட இந்தப் பக்கம் நிலம் பார்ப்பதாகப் பேச்சு. நாங்கள் மூன்று தலைமுறையாகச் சித்திரைக்கார் விதை வைத்திருக்கிறோம். அது கெட்டுப்போகுமா என்று கேட்டால், நெல் மகரந்தம் பத்தடிகூடப் போகாது, பயப்படாதீர்கள் என்கிறார்கள். உண்மையா?"

தம்பி, மகரந்தத்தைப் பற்றி அவர்கள் சொல்வது பெரும்பாலும் உண்மைதான். ஆனால் நெல் வயலைத் தாண்டிப் போவது மகரந்தமாக மட்டும் இல்லை. நெல்லாகவே போகும். சாக்கில் போகும், வைக்கோலில் போகும், அறுவடை மெஷினில் போகும். நான் விதைப் பண்ணை வேலையிலேயே காலத்தைக் கழித்தவன். வயலில் இறங்கி, ஊடே நிற்கும் வேறு ரகச் செடியான கலவனைப் பிடுங்கியதும் களத்தில் நின்று சாக்கு எண்ணியதுமாகப் போன வருஷங்கள் அவை. அதை வைத்துச் சொல்கிறேன், உங்கள் கேள்வி நியாயமானது. கொஞ்சம் நீளமாகவே பதில் எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் மகரந்தக் கணக்கை முடித்துவிடுவோம். நெல் தன் மகரந்தத்தைத் தானே எடுத்துக்கொள்ளும் பயிர். கதிர் வெளியே வந்ததும், காலை ஒன்பது மணியிலிருந்து உச்சிப்பொழுதுக்குள் உமி இரண்டும் லேசாக விரியும். உள்ளிருந்து ஆறு மகரந்தப் பைகள் வெளியே வந்து தொங்கும். அந்த விரிகிற நேரத்திலேயே உள்ளே வேலை முடிந்துவிடும். காற்றில் பறக்கிற தூளுக்கு உயிர் ஐந்து நிமிஷம் போலத்தான். அதனால் பக்கத்து ரகத்தோடு இனம் கலப்பது சாதாரணமாக நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே. விதைச் சான்று விதியில் நெல்லுக்கு 3 மீட்டர் இடைவெளி போதும் என்று வைத்திருப்பதும் இதனால்தான். அதே விதியில் மிளகாய்ச் சான்று விதைக்கு 200 மீட்டர், அதற்கு மூலமான ஆதார விதைக்கு 400 மீட்டர். மிளகாய்க்குத் தேனீ வரும், அது வேறு கதை; கடைசியில் சொல்கிறேன்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. கண்மாய் ஓரத்திலும் வாய்க்கால் கரையிலும் காட்டு நெல் நின்றால், அதோடு நெல் கலப்பது கொஞ்சம் கூடுதலாக நடக்கும். காட்டு நெல் பழுக்கும்போதே கொட்டிவிடும், மண்ணில் கிடந்து அடுத்த மழைக்கு முளைக்கும், யாரும் அறுப்பதில்லை. ஒரு புது மரபணு அதில் ஏறிவிட்டால், அதைப் பயிரிலிருந்து பிடுங்குவதுபோல் பிடுங்க முடியாது. உங்கள் ஊர்க் கண்மாயில் அது இருக்கிறதா என்று ஐப்பசி, கார்த்திகையில் ஒருமுறை நடந்து பாருங்கள்.

சரி, இப்போது நெல்லாகவே போகும் வழிக்கு வருகிறேன்.

பன்னிரண்டு வருஷம் இருக்கும். எங்கள் வீட்டுச் சித்திரைக்கார் வயல் அது. அந்த வருஷம் ஆள் கிடைக்கவில்லை. வெளி மாவட்டத்திலிருந்து வந்த அறுவடை மெஷினை விட்டோம். அது முந்தின நாள் வேறு ஊரில் வெள்ளைச் சன்ன ரகம் ஒன்றை அறுத்துவிட்டு வந்தது. "டேங்க் காலிதானே?" என்று கேட்டேன், காலி என்றார் ஓட்டுநர். அவர் பொய் சொல்லவில்லை, மேலே பார்த்தால் காலிதான். எனக்கு மனசு ஆறவில்லை. அறுத்து முடித்த பிறகு அடியில் நெல்லை ஏற்றும் குழாயின் சின்ன மூடியைத் திறந்து ஒரு கட்டையால் தட்டச் சொன்னேன். பொலபொலவென்று கொட்டியது. எங்கள் நெல்லும் முந்தின ஊர் நெல்லுமாகச் சேர்ந்து மரக்கால் அளவுக்கு மேல் இருந்தது. அறுக்கும் முன்பே தட்டியிருக்க வேண்டும், விட்டுவிட்டேன். அந்த நெல்லிலிருந்தே அடுத்த வருஷ விதை எடுத்தோம். அரைத்தபோது சிவப்பரிசிக்கு நடுவே வெள்ளை அரிசி கண்ணில் குத்தியது. மூன்று போகம், என் மனைவியும் நானும் வயலில் கதிர் கதிராகப் பார்த்துக் கலவன் பிடுங்கித்தான் பழைய நிலைக்கு வந்தோம்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோ நெல்லில் சுமாராக 45,000 மணி இருக்கும். ஏக்கருக்கு நாம் விதைக்கிற 40 கிலோவில் 18 லட்சம் மணி. ஆயிரத்தில் ஒன்று கலந்தால்கூட 1,800 மணி. 40 கிலோவில் ஆயிரத்தில் ஒன்று என்பது வெறும் 40 கிராம், ஒரு கைப்பிடி. அந்த ஒரு கைப்பிடி கலக்க மகரந்தம் தேவையில்லை, உதறாத ஒரு சாக்கு போதும்.

எங்களுக்கு நடந்த கலப்பில் ஒரே ஆறுதல், அது கண்ணுக்குத் தெரிந்தது. சோதனை நெல் கலந்தால் தெரியாது. அதே உயரம், அதே உமி, அதே அரிசியாக இருக்கலாம். வித்தியாசம் உள்ளே ஒரு மரபணுவில் இருக்கும். பிடுங்குவதற்குக் கலவன் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

நம் பக்கத்து விவசாய முறை இதை இன்னும் கடினமாக்குகிறது. வெளியூரிலிருந்து வரும் நிபுணர்கள் கவனிக்காமல் போகிற இடம் இதுதான் என்று எனக்குத் தோன்றும். தஞ்சாவூர்ப் பக்கம் சேறு கலக்கி, நாற்று நட்டு, வரிசை பிடிக்கிறார்கள். போன போகத்தில் உதிர்ந்த நெல் சேற்றில் அமுங்கிப் பெரும்பாலும் அழுகும். தப்பி முளைத்தாலும் வரிசைக்கு வெளியே நிற்கும், கண்டுபிடித்துப் பிடுங்கலாம். நமக்கோ புழுதி விதைப்பு. ஆவணி, புரட்டாசியில் காய்ந்த மண்ணை உழுது நெல்லைத் தூவிவிட்டு வானத்தைப் பார்க்கிறோம். தை, மாசியில் உதிர்ந்த நெல் அதே காய்ந்த மண்ணில் ஆறேழு மாதம் கிடக்கிறது. மழை விழுந்ததும் நாம் விதைத்ததோடு சேர்ந்து முளைக்கிறது. எது விதைத்தது, எது தானாக முளைத்தது என்று சொல்ல வரிசையும் இல்லை. அறுவடைக்குப் பிறகு சோதனை வயலில் தானாக முளைப்பதைக் கண்காணித்து அழிப்பார்கள் என்று விதியில் இருக்கும். புழுதி விதைப்பு நிலத்தில் அதை எப்படிச் செய்வார்கள் என்று கேளுங்கள். அந்த நிலத்தில் அடுத்த போகம் நெல்லே போடாமல் விட்டால்தான் அது நடக்கும்.

அப்புறம் எலி. வரப்பு எலி ஒரு வளைக்குள் எவ்வளவு கதிர் இழுத்து வைக்கும் என்று உங்கள் ஊரில் எலி வெட்டுகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள். வளையைத் தோண்டினால் கதிர்கள் அடுக்கி வைத்ததுபோல் இருக்கும், அந்த நெல்லை வீட்டுக்குக் கொண்டுபோய்க் குத்திச் சாப்பிடுகிறவர்களும் உண்டு. சோதனை வயலைச் சுற்றி முள்வேலி போட்டால் ஆடு, மாடு வராது. எலிக்கு வேலி ஏது? வைக்கோலும் அப்படித்தான். எவ்வளவு அடித்தாலும் தாளில் பத்து இருபது மணி ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த வைக்கோல் டிராக்டரில் ஏறி நாலு ஊர் தாண்டிப் போகிறது. அறுத்த வயலில் வாத்து மேய்ப்பவர்கள் வருகிறார்கள், கிடை போடுகிறவர்கள் வருகிறார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய் உடைந்தால் வயல், வரப்பு என்று ஒன்றும் தெரியாது, ஊறிய விதை எல்லாம் தண்ணீரோடு கீழ்வயலுக்குப் போகும். இந்தக் கடற்கரையில் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

இதெல்லாம் கற்பனை பயமா என்றால், இல்லை. நெல்லிலேயே நடந்திருக்கிறது. அமெரிக்காவில் களைக்கொல்லியைத் தாங்கும்படி மாற்றிய எல்.எல்.601 என்ற நெல்லை 1998 முதல் 2001 வரை சோதனை வயல்களில் போட்டார்கள். விற்பனைக்குக் கொண்டுவரவில்லை, திட்டத்தையே மூட்டை கட்டிவிட்டார்கள். ஐந்து வருஷம் கழித்து, 2006 ஆகஸ்டில், அந்த நாட்டின் நீள அரிசியில் அது கலந்திருப்பதாக அரசே அறிவித்தது. ஜப்பான் அந்த அரிசியை நிறுத்தியது, ஐரோப்பா ஒவ்வொரு சரக்கையும் சோதிக்கச் சொன்னது, நெல் விலை விழுந்தது. எப்படிக் கலந்தது என்று அமெரிக்க வேளாண்துறை ஒரு வருஷத்துக்கும் மேல் விசாரித்தது. 2007-ல் முடிவு சொன்னபோது, எந்த வழியாகக் கலந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றுதான் சொன்னார்கள். வழக்குப் போட்ட விவசாயிகளுக்கு, அந்த நெல்லுக்குச் சொந்தக்காரரான பேயர் நிறுவனம் 75 கோடி டாலர் வரை தர 2011-ல் ஒப்புக்கொண்டது. தன் மகரந்தத்தைத் தானே எடுத்துக்கொள்ளும் பயிர்தான் அதுவும். பதிவேடு, ஆய்வகம், பணம் எல்லாம் இருந்த நாடு அது.

கோதுமையும் தன்மகரந்தப் பயிர்தான். 2013-ல் அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் ஒரு விவசாயி தரிசு போட்டிருந்த நிலத்தில் களைக்கொல்லி அடித்தார். தானாக முளைத்திருந்த கோதுமையில் சில செடிகள் மட்டும் சாகவில்லை. சோதித்தால், சோதனைக்கு மட்டும் போட்டுக் கைவிடப்பட்ட கோதுமை. அந்த மாநிலத்தில் அதன் சோதனை 2001-லேயே முடிந்திருந்தது. அந்த நிலத்துக்கு அது எப்படி வந்தது என்று அங்கேயும் கடைசிவரை தெரியவில்லை. ஜப்பானும் தென்கொரியாவும் கொள்முதலைத் தள்ளிவைத்தன. நெப்ராஸ்கா மாநிலத்தில் 2002-ல் நடந்தது இன்னும் மோசம். மருந்துப் புரதம் உண்டாக்குவதற்காக மாற்றிய மக்காச்சோளத்தைச் சோதனைக்குப் போட்ட நிலத்தில், அடுத்த வருஷம் சோயா விதைத்தார்கள். உதிர்ந்த சோளம் சோயாவோடு முளைத்து, அறுவடையில் சேர்ந்து, கிடங்கில் 5 லட்சம் புஷல் சோயாவோடு கலந்துவிட்டது. நம் கணக்கில் 13,000 டன்னுக்கு மேல். அத்தனையையும் அழித்தார்கள். புழுதியில் கிடந்து முளைப்பது என்று மேலே சொன்னேனே, அந்த ஆபத்து இதுதான்.

நம் நாட்டிலும் இதன் சாயல் உண்டு. புழுவைக் கொல்லும்படி மரபணு மாற்றிய பி.டி. பருத்திக்கு இந்தியாவில் அனுமதி கிடைத்தது 2002 மார்ச்சில். ஆனால் 2001-லேயே குஜராத்தில் விவசாயிகள் வயலில் அனுமதியில்லாத பி.டி. பருத்தி ஆயிரக்கணக்கான ஏக்கரில் நின்றது. பி.டி. கத்தரிக்கு 2010 பிப்ரவரியில் மத்திய அரசு தடை போட்டது. 2019-ல் அரியானாவில் ஒரு வயலில் அது பிடிபட்டது. இங்கே மகரந்தத்துக்கு எந்த வேலையும் இல்லை. விதை மனுஷன் கையில் போனது, அவ்வளவுதான்.

நம் கடலிலேயே ஒரு பாடம் இருக்கிறது. பாசி எடுக்கும் பெண்கள் உங்கள் உறவிலும் இருப்பார்கள். மரிக்கொழுந்து பாசி, கட்டக்கோரை, கஞ்சிப் பாசி எல்லாம் நம் கடலில் தானாக விளைவது. கப்பாபைகஸ் அப்படி இல்லை. பிலிப்பைன்ஸ் கடலின் பாசி அது. சோதனை வளர்ப்புக்காக இந்தியாவுக்கு வந்து, 1990-களில் மண்டபம் வரை வந்து, 2000-க்குப் பிறகு மூங்கில் தெப்பம் கட்டி வியாபாரமாக வளர்ந்தது. அது மரபணு மாற்றிய பாசி இல்லை, இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஆனால் அப்போது தந்த உறுதிமொழியைக் கவனியுங்கள்: இந்தப் பாசி நம் கடலில் வித்து விட்டுப் பெருகாது, ஆகவே தெப்பத்தை விட்டுப் பரவாது. 2005-ல் தமிழக அரசும் இதை வடகடல் எனும் பாக் நீரிணைப் பக்கமும் தூத்துக்குடிக்குத் தெற்கேயும் மட்டும் வளர்க்கலாம் என்று கட்டுப்படுத்தியது. தென்கடலில், அதாவது மன்னார் வளைகுடாவில், கடல் தேசியப் பூங்காவின் 21 தீவுகளும் பவளப் பாறைகளும் இருக்கின்றனவே. ஆனால் 2008-ல் பாம்பனுக்குப் பக்கத்தில் குருசடைத் தீவின் பவளப் பாறை மேல் இந்தப் பாசி படர்ந்து மூடியிருப்பதை மதுரையைச் சேர்ந்த ஆய்வாளர்கள் எழுதினார்கள். அதற்கு வித்து தேவைப்படவில்லை. தெப்பத்துக் கயிற்றில் கட்டுவதே ஒடித்த துண்டைத்தானே. ஒடிந்த துண்டு அலையோடு போய்ப் பாறையில் ஒட்டிக்கொண்டது. கையால் பிடுங்கினார்கள், மிஞ்சிய துணுக்கிலிருந்து திரும்பவும் வளர்ந்தது.

பாதிப்பின் அளவைப் பற்றி ஆய்வாளர்களுக்குள் வாதம் உண்டு. அந்தப் பாசியை வளர்த்துப் பிள்ளைகளைப் படிக்கவைத்த பெண்களை எனக்குத் தெரியும், அவர்கள் பிழைப்பை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் "வித்து விடாது" என்பதும் "மகரந்தம் பத்தடி போகாது" என்பதும் ஒரே மாதிரிப் பேச்சு. ஒரு வாசலை அடைத்துவிட்டு வீடே பூட்டியிருக்கிறது என்பதுபோல. இதனால்தான் மகரந்தம் பற்றிய பதிலை மட்டும் கேட்டுத் திருப்திப்பட்டு வந்துவிடாதீர்கள் என்று சொல்கிறேன்.

உப்பு என்பதில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. களைக்கொல்லியைத் தாங்கும் மரபணு, களைக்கொல்லி அடித்தால்தான் செடிக்கு லாபம். அடிக்காத வயலில் அது சும்மா இருக்கும். உப்பைத் தாங்கும் குணம் அப்படி இல்லை. நம் மண்ணிலேயே உப்பு இருக்கிறது, மழை பொய்த்த வருஷம் கிணற்றிலும் உப்பு ஏறுகிறது. கலந்த நெல் பத்து மணி இருந்தாலும், உப்பு மேலே வரும் வருஷத்தில் மற்றது கருகி அது மட்டும் நின்று கதிர் வாங்கும். அதிலிருந்து விதை எடுப்போம். அடுத்த வருஷம் அது நூறாகும். யாரும் கை வைக்காமலே நம் உவர் நிலம் அதைத் தேர்ந்தெடுத்துப் பெருக்கிவிடும்.

உப்பைத் தாங்கும் நெல்லே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேண்டும். கடலோரத்தில் வருஷம் வருஷம் உவர் ஏறுவதைப் பார்க்கிறவன் நான். சென்னையில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில் கண்டல் மரத்து மரபணுவை எடுத்து நெல்லில் வைத்துப் பார்த்தார்கள். காரங்காட்டில் படகில் போனால் இரண்டு பக்கமும் நிற்கிறதே, அந்த வகை அலையாத்திதான். அந்த அறிவை நான் மதிக்கிறேன். அதே நேரம் உவர்முண்டான், களர்பாலை, குழியடிச்சான் என்று உப்புக்குப் பழகிய நெல்லை நம் முன்னோர் வைத்திருந்தார்கள், வறட்சிக்கு நொறுங்கன் இருந்தது. இந்த ரகங்கள்தான் நாளைக்கு எந்த விஞ்ஞானி எந்த நெல்லை உருவாக்கினாலும் அவருக்கு மூலப்பொருள். ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கே இவை கலப்பில்லாமல் இருப்பது முக்கியம்.

இனி நீங்கள் கேட்க வேண்டியவை. முதல் கேள்வி, இது எந்த வகை நெல் என்பது. இதைத் தெளிவாகக் கேளுங்கள், ஏனென்றால் பதிலைப் பொறுத்து சட்டமே மாறுகிறது.

வேறு உயிரின் மரபணுவை உள்ளே வைத்த நெல் என்றால், 1989-ம் வருஷத்து விதிகளின்படி மத்திய அரசின் மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழுவின் அனுமதி வேண்டும், மாநில அரசின் தடையில்லாச் சான்றும் வேண்டும். முதல் கட்டச் சோதனை ஓரிடத்தில் 1 ஏக்கருக்கு மேல் போகக் கூடாது, இரண்டாம் கட்டம் 2.5 ஏக்கர். மாவட்டத்தில் ஆட்சியர் தலைமையில் ஒரு குழு இதைப் பார்க்க வேண்டும். 2007-ல் உச்ச நீதிமன்றம் இன்னும் மூன்று நிபந்தனை போட்டது: சுற்றிலும் 200 மீட்டர் இடைவெளி, பொறுப்பேற்கும் விஞ்ஞானியின் பெயர், 0.01 சதவீதம் கலந்திருந்தாலும் கண்டுபிடிக்கும் சோதனை முறை. ஆகவே அனுமதிக் கடிதத்தின் நகலையும் அந்த விஞ்ஞானியின் பெயரையும் கேட்க உங்களுக்கு முழு நியாயம் இருக்கிறது. 2006 நவம்பரில் கோவை ஆலாந்துறையில் பி.டி. நெல் சோதனை வயலை விவசாயிகள் பிடுங்கிப் போட்டது நினைவிருக்கலாம். கிராமத்தோடு முன்கூட்டியே உட்கார்ந்து பேசியிருந்தால் அந்த நிலை வந்திருக்குமா என்று யோசிக்கிறேன்.

மரபணு திருத்திய நெல் என்றால் கதை வேறு. வெளி மரபணு எதுவும் வைக்காமல், நெல்லின் சொந்த மரபணுவில் ஒரு இடத்தை வெட்டித் திருத்துவது அது. 2022 மார்ச்சில் இந்த வகைக்கு மேலே சொன்ன அனுமதி விதிகளிலிருந்து மத்திய அரசு விலக்குக் கொடுத்துவிட்டது. 2025 மே மாதம் இப்படி இரண்டு நெல் ரகங்களை அறிவித்தார்கள். அதில் ஒன்றான பூசா டி.எஸ்.டி. ரைஸ் 1, எம்.டி.யு. 1010 ரகத்திலிருந்து வந்தது. வறட்சியையும் உப்பையும் தாங்கும் என்று சொல்லித்தான் அறிவித்தார்கள். உங்கள் பக்கம் பேச்சு இந்த மாதிரி நெல்லைப் பற்றியது என்றால், 200 மீட்டர் விதியை அவர்கள் முன்னால் வைத்துப் பேச முடியாது. அதோடு சோதனையிலும் சிக்கல். மரபணு மாற்றுப் பயிரைக் கண்டுபிடிக்க வழக்கமாகத் தேடுவது அதில் வைத்த வெளி மரபணுத் துண்டை அல்லது அது உண்டாக்கும் புரதத்தை. சில வகைக்கு இலையைக் கசக்கிப் பட்டையில் நனைத்தாலே கோடு விழும், மற்றதற்கு ஆய்வகத்தில் பி.சி.ஆர். சோதனை. திருத்திய நெல்லில் தேடுவதற்கு வெளித் துண்டே இல்லை. எந்த இடத்தில் என்ன வெட்டினார்கள் என்ற விவரம் கையில் இருந்தால்தான் சோதித்துச் சொல்ல முடியும். ஆகவே அந்த விவரத்தையும் சோதனை முறையையும் விதைப்பதற்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள். பின்னால் யாரும் தேடித் தரமாட்டார்கள்.

அடுத்தவை எல்லாம் நம் களத்து விஷயம். நெல்லைச் சோதனை நிலத்திலேயே கையால் அறுத்து அங்கேயே அடிப்பார்களா, மெஷின் வருமா? வைக்கோலை என்ன செய்வார்கள்? அங்கேயே எரித்துப் புதைக்க வேண்டும், ஒரு கட்டுகூட வெளியே போகக் கூடாது. கூலியை நெல்லாகக் கொடுக்கக் கூடாது. உள்ளே போன சாக்கு திரும்பி வரக் கூடாது. எலி வளையைத் தோண்டி அழிப்பது யார் பொறுப்பு? கண்மாய்க்குக் கீழே வெள்ளம் பாயும் இடத்தில் நிலம் எடுக்கிறார்களா, மேட்டில் எடுக்கிறார்களா? அடுத்து எத்தனை மழைக்கு அந்த நிலத்தை நெல் போடாமல் வைத்துக் கண்காணிப்பார்கள்? கலந்துவிட்டால் யார், எவ்வளவு தருவார்கள்? அமெரிக்க விவசாயிகள் வழக்குப் போட்டு ஐந்து வருஷம் அலைந்துதான் வாங்கினார்கள், நமக்கு அந்தத் தெம்பு கிடையாது. கிராம சபையில் வைத்து எழுத்தில் கேளுங்கள். வாய்மொழி உறுதி வேண்டாம். இவற்றுக்கு நேராகப் பதில் சொல்கிற விஞ்ஞானி என்றால் அவரோடு ஒத்துழைக்கலாம். "மகரந்தம் போகாது" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னால், உங்கள் ஊர் சம்மதிக்க வேண்டியதில்லை என்பதுதான் என் கருத்து.

சாப்பிட்டால் என்ன ஆகும் என்று வீட்டுப் பெண்கள் கேட்பார்கள். கலந்த நெல் எல்லாம் விஷம் என்று நான் சொல்ல மாட்டேன், அப்படிச் சொல்வது பொய். சோதனைப் பயிர் என்றாலே பரிசோதனை இன்னும் முடியவில்லை என்றுதான் அர்த்தம். முடிவு தெரிவதற்கு முன்பே உலையில் ஏறக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் பாரம்பரிய அரிசி என்று பெயர் சொல்லி நல்ல விலைக்கு விற்கிற உங்களுக்கு, இயற்கை விவசாயச் சான்று வாங்கியிருக்கிறவர்களுக்கு, நஷ்டம் உடனே வரும். 2021-ல் இந்தியாவிலிருந்து போன குருணையில் மரபணு மாற்று அரிசி இருந்ததாக ஐரோப்பாவில் எச்சரிக்கை வந்தது. இங்கே அப்படி ஒரு நெல்லே வியாபாரத்துக்கு விளைவதில்லை என்று நம் அரசு மறுத்தது. அதற்குள் இந்திய அரிசி என்ற பெயர் அங்கே செய்திகளில் அடிபட்டுவிட்டது.

மிளகாய் பற்றிச் சொல்கிறேன் என்றேன். இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. மிளகாய்ப் பூவுக்குத் தேனீ வரும், கலப்பு நெல்லைவிடப் பல மடங்கு நடக்கும். என்றைக்காவது மிளகாயில் இப்படி ஒரு சோதனை என்று யாராவது வந்தால், இந்த மாவட்டத்துக்குள்ளேயே விடாதீர்கள். நெல்லில் நான் சொல்கிற "பேசிப் பார்க்கலாம்" அங்கே கிடையாது.

கடைசியாக, யார் வந்தாலும் வராவிட்டாலும் இந்தப் போகத்திலேயே நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. விதை நெல்லை மெஷினில் அறுக்காதீர்கள். வயலின் நடுவில் ஐந்து சென்ட் ஒதுக்கி, வரப்பு ஓரத்தை விட்டு, கதிர் பொறுக்கிக் கையால் அடியுங்கள். நன்றாகக் காயவைத்து மூன்றாகப் பிரியுங்கள். ஒன்று உங்கள் வீட்டில். ஒன்று வேறு வட்டத்தில் இருக்கிற உறவினர் வீட்டில். கமுதிப் பக்கமோ மானாமதுரைப் பக்கமோ யாராவது இருப்பார்கள். மூன்றாவது, ஒரு கிலோ போதும், காற்றுப் புகாத பாட்டிலில் போட்டு, தேதியும் சர்வே எண்ணும் எழுதி, அரக்கு வைத்து, கிராம நிர்வாக அலுவலர் கையெழுத்தோடு பத்திரப்படுத்துங்கள். சோதனை வருவதற்கு முன் உங்கள் நெல்லில் கலப்பு இல்லை என்று நாளைக்கு நிரூபிக்க அந்த ஒரு கிலோதான் சாட்சி. அதோடு அடிக்காத கதிர்க்கட்டு ஒன்றை எலி எட்டாத உயரத்தில் உத்திரத்தில் தொங்கவிடுங்கள். மார்கழிக் கடைசியில் கதிர் பொறுக்கும்போது ஒரு வார்த்தை சொல்லுங்கள் தம்பி, நானும் வந்து உங்களோடு வயலில் இறங்குகிறேன்.